கணக்குக் காட்டாதவன் ஓலை குடத்தில் ஏறாது

(உள்ளாட்சித் தேர்தலை முன்னிட்டு உத்திரமேரூரில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் வருகிறது. ஊர்ச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி இடம்பிடிக்கும் வேலை இப்பொழுதே தொடங்கிவிட்டது. இதுவரை நம் தெருவைத் திரும்பிப் பாராதவர்கள் திருமணத்திற்கும் இறப்பிற்கும் தவறாமல் வரத் தொடங்கிவிட்டார்கள். "எவருக்கு ஒப்போலை இடுவது?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பேச வந்தவன் ஒரு கட்சியின் பெயரையோ ஓர் ஆளின் பெயரையோ சொல்லிவிட்டு இறங்குவான் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆளை அளக்கும் கோல் ஒன்று உங்கள் ஊரிலேயே, உங்கள் ஊர்க் கோயிற் சுவரிலேயே ஆயிரத்து நூறாண்டுகளாக இருக்கிறது. அதை எடுத்து உங்கள் கையில் கொடுப்பதே என் வேலை.

வைகுந்தப் பெருமாள் கோயில் என்று இன்று நாம் வழங்கும் மண்டபத்தின் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவனது 12-ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919-இல் ஒன்றும், 14-ஆம் ஆட்சியாண்டாகிய 921-இல் மற்றொன்றும் வெட்டப்பட்டன. ஊரை ஆளும் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதே இரண்டிலும் உள்ள செய்தி. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். அதன்பின் உலகமெங்கும் உத்திரமேரூர் என்னும் பெயர் பரவிற்று. 2020 திசம்பர் 10-ஆம் நாள் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய தலைமையமைச்சரும் இவ்வூரின் பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்வது எளிது. அக்கல்வெட்டு விதித்த நெறிகளை இன்றைய ஆட்சியாளர்கள்மேல் ஏவினால், அன்று அந்தப் பந்தலில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

ஒரு மயக்கத்தை முதலிலேயே தெளிவித்துவிட வேண்டும். குடவோலை முறையை இன்றைய தேர்தலின் தாய் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அது முழு உண்மையன்று. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். இளையோரும் முதியோருமாகப் பெருங்குறி கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கி நின்றார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். நடுவன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதை ஏற்றுப் படித்தான். நம்பிமார் எல்லாரும் அதை வாங்கிப் படித்தார்கள். அதன்பின்னரே பெயர் அறிவிக்கப்பட்டது. விரல்கள் விரிந்திருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்த அந்த எச்சரிக்கையைப் பாருங்கள்! கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்கும் வித்தை அன்றே தெரிந்திருந்தது போலும்.

ஆக, எவரை எடுப்பது என்பதை முடிவு செய்தது சிறுவனின் கை. அது திருவுளச் சீட்டு. ஆனால் எவர் பெயர் குடத்துக்குள் போகலாம், எவர் பெயர் போகவே கூடாது என்பதை முடிவு செய்தது ஊர் வகுத்த நெறி. அவர்கள் தங்கள் அறிவு முழுவதையும் செலவிட்டது அந்த இடத்தில்தான். நாம் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோம். குடத்துக்குள் எவன் பெயரை இடுவது என்பதைக் கட்சித் தலைமைகள் நகரத்தில் அமர்ந்து முடிவு செய்கின்றன. உள்ளே விழுந்த குப்பையைக் கிளறி ஒன்றை எடுப்பதுதான் நமக்கு விட்ட உரிமை. தமிழகத்தில் இம்முறை சோழர் புதிதாகக் கண்டதுமன்று. அகநானூற்று 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் செய்தியை உவமையாக ஆள்கிறார். நெல்லைப் பக்கத்து மானூரில் இவ்வுத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறாண்டளவு முன்பே அவை உறுப்பினர்க்குத் தகுதி வகுத்த பாண்டியர் கல்வெட்டு உண்டு.

இனி, குடத்தில் பெயர் ஏறத் தகுதி என்ன? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும். தன் மனையில் தான் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 919-இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த அகவை, 921-இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றப்பட்டது. வேதம் கற்றிருக்க வேண்டும். செயலறிவும் தூய வழியில் ஈட்டிய பொருளும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருக்கக் கூடாது.

இவற்றுள் நமக்கு ஆகாதவை எவை என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்வோம். உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர். குடத்தில் ஓலை ஏறியவர் அவர்களே. நிலத்தை உழுதவனின் பெயரோ, ஏரியில் மண்ணள்ளியவனின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயருமோ அக்குடத்தைக் கண்டதில்லை. தமிழர் ஊரில், தமிழில் வெட்டிய கல்வெட்டில், தமிழ்க்குடிகளுக்கு இடமில்லை! பழம்பெருமை பேசுவோர் இதை மறைத்துப் பேசுவது ஏமாற்று. கல்வெட்டின் மொழியும் அப்படியே. தமிழ் நடுவே வடசொற்கள் மண்டிக் கிடக்கின்றன. பிறப்பையும் நிலத்தையும் வேதத்தையும் கொண்டு வகுத்த தகுதிகளை நாம் தூக்கி எறிவோம். அகவை வந்த ஆணும் பெண்ணும் நிலமற்றாரும் ஒப்போலை இடும் உரிமை, எந்த மன்னன் காலத்திலும் நமக்கு இல்லாதது. அதை விட்டுத்தர நாம் அணியமாக இல்லை.

ஆனால் அக்கல்வெட்டின் மற்றொரு பாதி இருக்கிறது. எவரெவர் ஆகார் என்று விலக்கும் பாதி. அதில் பிறப்பு இல்லை, நடத்தைதான் இருக்கிறது. அதை நான் இரண்டு கையாலும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் விலக்கு என்ன தெரியுமா? வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன். கொலைகாரனுக்கும் கள்வனுக்கும் முன்னால் அவனை நிறுத்தியிருக்கிறார்கள்! அவனோடு விட்டுவிடவுமில்லை. அவன் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், மனைவியுடன் பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மாமனார், மருமகன், தந்தை, மகன் என வரிசையாகச் சொல்லி, இவர்களில் ஒருவர் பெயரும் குடத்தில் ஏறக் கூடாது என்று வெட்டிவிட்டார்கள். குற்றம் செய்தவன் ஒருவன், உறவினர் எல்லாரையும் விலக்குவது முறையா என்று ஒருவர் கேட்கலாம். முறையா என்று நானும் கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் தான் விலகிக்கொண்டு மைத்துனனை நிறுத்துவது, தன்மேல் வழக்கு வந்ததும் மகனை நிறுத்துவது, தன் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மனைவியை நிறுத்திவிட்டுத் தானே நாற்காலியில் அமர்வது ஆகிய இவற்றையெல்லாம் நாம் நம் கண்ணால் காண்கிறோம். அவர்களும் கண்டிருக்க வேண்டும். காணாமல் இத்தனை உறவுமுறைகளை ஒருவன் கல்லில் வெட்டமாட்டான்.

அடுத்து, பிறர்பொருளைக் கவர்ந்தவன் ஆகான். முரட்டுத் துணிவினன் ஆகான். ஊருக்கு முள்ளாய் இருப்பவன் ஆகான். பொய்யோலை புனைந்து கழுதைமேல் ஏற்றப்பட்டவன் ஆகான். (இன்று அத்தண்டனையை மீட்டெடுத்தால் நாட்டில் உள்ள கழுதைகள் போதா.) இன்னுமொன்று உண்டு. அதைக் கேட்டபின் நம் கட்சிகளின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பெருங்குற்றம் செய்துவிட்டுக் கழுவாய் தேடித் தூய்மை அடைந்தவன்கூட, தன் உயிர் உள்ளளவும் வாரியத்திற்கு ஆகான் என்கிறது கல்வெட்டு. கழுவாயை அவர்கள் மறுக்கவில்லை. நீ தூய்மையானாய், சரி, வீட்டில் இரு, ஊர்ப்பணம் உன் கைக்கு வராது என்கிறார்கள். நேற்றுவரை ஒரு கட்சியில் இருந்து ஊர்ப்பொருளை விழுங்கியவன் இன்று வேறொரு கட்சியின் துண்டைத் தோளில் போட்டவுடனே தூயவனாகிவிடும் கழுவாய், நம் காலத்துக் கண்டுபிடிப்பு.

வாரியத்தின் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கம். கணக்கு எழுதுவோன் தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள்முன் தானே காட்டி ஒப்புவிக்கும்வரை மீண்டும் கணக்கில் கைவைக்கக் கூடாது. அவனுக்காக வேறொருவன் வந்து விளக்கவும் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பன்னிருவர் ஆட்டை வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஆட்டை வாரியத்திற்கு, முன்னர்த் தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகியவர்களையே எடுத்தார்கள். சின்ன வேலையில் கணக்குக் காட்டியவனுக்கே பெரிய வேலை. 'வாரியம்' என்னும் அச்சொல் இன்றும் மின்வாரியமாகவும் வீட்டுவசதி வாரியமாகவும் வாழ்கிறது. சொல் பிழைத்துக்கொண்டது, கணக்குக் காட்டும் வழக்கந்தான் பிழைக்கவில்லை.

இப்பொழுது ஒரு கேள்வி எழும். "ஐயா, குடும்புக்கு ஒருவராக முப்பது பேரை எடுத்தார்கள். ஒருவன் தவறினாலும் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். எங்கள் தொகுதியில் ஒரே ஓர் இடம். கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?" இது நல்ல கேள்வி. ஒரே தொகுதியிலிருந்து பலரைத் தேர்ந்தெடுக்கும் முறை நம் நாட்டிலும் இருந்தது, நம் உறவினர் நாட்டில் இன்றும் இருக்கிறது. அவ்விரண்டையும் பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்கு 375 இடங்கள். தொகுதிகளோ 309. அவற்றுள் 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒன்று பொது இடம், ஒன்று தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ ஒதுக்கிய இடம். 1957-இலும் 205 இடங்களுக்கு 167 தொகுதிகள். 38 இரட்டைத் தொகுதிகள். ஒவ்வொருவர்க்கும் இரண்டு ஒப்போலை. இரண்டையும் ஒருவர்க்கே இடக் கூடாது. ஒதுக்கிய இடத்தை அவ்வினத்துள் மிகுதி பெற்றவர்க்குக் கொடுத்தபின், பொது இடம் எஞ்சியவர்களுள் எவர் மிகுதி பெற்றாரோ அவருக்கு. இதனால் என்ன நிகழ்ந்தது? 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் வி. வி. கிரி நின்றார்; பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். பழங்குடி வேட்பாளர் ஒருவர் ஒதுக்கிய இடத்தைப் பெற்றார். மற்றொரு பழங்குடி வேட்பாளர் கிரியைவிட மிகுதி பெற்றுப் பொது இடத்தையும் பெற்றார். கிரி வழக்காடினார். 1959-இல் உச்ச வழக்குமன்றம், முறைப்படிதான் நடந்தது என்று தீர்ப்பளித்தது. 1961-இல் இரட்டைத் தொகுதி முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தாழ்த்தி வைக்கப்பட்டவர் பொது இடத்தையும் வெல்லக்கூடும் என்று மெய்ப்பிக்கப்பட்ட சிறிது காலத்திற்குள் அந்த வாயில் மூடப்பட்டது. அதற்கு வேறு கரணியங்கள் சொன்னார்கள், தொகுதி பெரிது, செலவு மிகுதி என்று. இருக்கலாம். ஆனால் அதன்பின் தனித்தொகுதியில் நிற்பவரைப் பிற குலத்தாரின் ஒப்போலையே முடிவு செய்யும் நிலை வந்தது. உத்திரமேரூர் அடங்கிய நம் காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி, தனித்தொகுதி. அதில் நிற்பவர் எவருக்கு அஞ்சி நிற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். தன் மக்கள் தெருவில் ஒரு கொடுமை நிகழ்ந்தால் முதலில் அங்கே ஓடுவாரா, அல்லது மாவட்டக் கட்சி அலுவலகத்தைக் கேட்டுவிட்டு ஓடுவாரா? இந்த ஒரு வினாவிலேயே கட்சியும் ஆளும் வேறுவேறாகப் பிரிந்துவிடும்.

இனி ஈழத்திற்கு வருவோம். அங்கே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. 2024 நவம்பர் 14-இல் நடந்த தேர்தலில் அதற்கு ஆறு இடங்கள். ஒரு கட்சி ஒன்பது வேட்பாளர்களை நிறுத்தலாம். ஒப்போலை இடுபவர் முதலில் கட்சிக்குக் குறியிட வேண்டும். பின்னர் அக்கட்சிப் பட்டியலில் உள்ளவர்களுள் மூவர் வரை தம் விருப்பத்திற்கு உரியவர் எண்களைக் குறிக்கலாம். கட்சிக்கு ஒன்று, ஆளுக்கு மூன்று! ஒன்பது பேரில் எவர் உள்ளே போவது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்ய இயலாது. மக்களே முடிவு செய்வர். கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு அம்முறை இரண்டையும் பார் என்று விடை சொல்கிறது. அதன் கேடும் உண்டு. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் எதிர்க்கட்சியைவிடத் தம் பட்டியலில் உள்ளவனையே பகையாக எண்ணி அடித்துக்கொள்வார்கள்.

அத்தேர்தலில் நடந்ததைத் தமிழர் ஒவ்வொருவரும் கணக்காகவே தெரிந்துகொள்ள வேண்டும். 2015-இல் யாழ்ப்பாணத்தின் ஏழு இடங்களில் ஐந்தைத் தமிழரசுக் கட்சியின் பெயரில் நின்ற கூட்டமைப்பு பெற்றது. 2020-இல் ஏழில் மூன்று. 2024-இல் ஆறில் ஒன்று. தென்னிலங்கைச் சிங்களத் தலைமையில் இயங்கும் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ 80,000 ஒப்போலை பெற்று மூன்று இடங்களைக் கொண்டது. பதிவானவற்றில் கால் பங்குதான் அது; இடத்திலோ பாதி. தமிழரசுக் கட்சி ஏறத்தாழ 63,000 பெற்று ஓரிடம். தமிழ்க் காங்கிரசு ஏறத்தாழ 28,000 பெற்று ஓரிடம். அதையொட்டிய அளவே பெற்ற, கட்சி சாராத குழு ஒன்றுக்கும் ஓரிடம்.

63,000-க்கும் ஒன்று, 28,000-க்கும் ஒன்று என்பது எப்படி? அங்கே மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஓரிடம் மிகையாகக் கிடைக்கும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ்ப் பெற்றவை விலக்கப்படும். எஞ்சிய ஐந்து இடங்களைப் பங்கிடும்போது ஓரிடத்திற்கு ஏறத்தாழ 48,000 என்று அளவு வந்தது. தமிழரசுக் கட்சி ஓரிடம் கொண்டபின் எஞ்சியது 15,000 அளவே, அது வீணாயிற்று. மீதி அதிகம் வைத்திருந்தவர்கள் அடுத்த இடங்களைக் கொண்டு போனார்கள். தமிழ்த் தேசியம் பேசிய கட்சிகள் மூன்று நான்காகப் பிரிந்து நின்றன. இரண்டேனும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் முதலிடமும் அதற்குரிய மிகையிடமும் அவர்களுக்கே வந்திருக்கும்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது என் நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தச் சக்தியின் முதுகெலும்பாகிய மக்கள் விடுதலை முன்னணி யார்? வடக்கும் கிழக்கும் இணைந்த மாநிலத்தைப் பிரிக்க வழக்காடி, 2006 அக்டோபரில் கொழும்பு உச்ச வழக்குமன்றத்தில் வென்றவர்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழன் ஒப்போலை இட்டான் என்றால் அவன் இனம் மறந்தான் என்று இங்கிருந்து ஏசுவது எளிது. நான் ஏசமாட்டேன். தமிழ் என்னும் பெயரைப் பட்டியலின் தலையில் எழுதிவிட்டால் ஆளை எவனும் அளக்கமாட்டான் என்று எண்ணிய தலைவர்களைத்தான் அவன் அளந்தான். காணாமற்போன மகனைத் தேடித் தெருவில் அமர்ந்த தாய், நிலத்தை இழந்த உழவன், வேலையற்ற இளைஞன் ஆகியோர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாமல், எந்த நாற்காலி எவருக்கு என்று ஆண்டுக்கணக்கில் தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்தவர்களின் ஓலையை அவன் குடத்திலிருந்து எடுத்து வெளியே போட்டான். போட்டபின் கையில் எடுத்தது சரியான ஓலையா என்பது வேறு வழக்கு. எடுத்தது தவறு என்பதே என் கருத்து. கணக்குக் காட்டாதவனை நாமே முதலில் விலக்காவிட்டால், பகைவன் வந்து அவன் இடத்தில் அமர்வான். யாழ்ப்பாணத்தில் நடந்தது அதுவே.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் நான்கு ஒப்போலைகள். 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தில் நடந்த தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஊராட்சி உறுப்பினர்க்கு வெள்ளையோ நீலமோ, ஊராட்சித் தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினர்க்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு மஞ்சள். பொறி இல்லை, தாளும் பெட்டியும்தான். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பின்னிரண்டில் உண்டு. ஆக யாழ்ப்பாணத்தானுக்கு ஒரே தாளில் கிடைப்பது நமக்கு நான்கு தாள்களில் கிடைக்கிறது. கட்சியை அளக்க இரண்டு, ஆளை அளக்க இரண்டு. அப்படியிருந்தும் நான்கையும் ஒரே மூச்சில், ஒரே வீட்டார் சொன்னபடி குத்திவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்!

வெள்ளைத் தாளை எவரும் மதிப்பதில்லை. உறுப்பினர்தானே என்று, உறவுக்காரன் எவனுக்கோ குத்திவிடுகிறோம். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் ஒப்பம் மட்டும் போதாது. துணைத்தலைவர் ஒப்பமும் வேண்டும். அத்துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த உறுப்பினர்களே. அவர்களில் நால்வர் நிமிர்ந்து நின்றால் எந்தத் தலைவனும் ஊர்ப்பணத்தைத் தொட இயலாது. நால்வரும் தலைவனின் ஆள்களாய் இருந்தால் எந்தத் தணிக்கையும் பயனில்லை. ஆகவே தலைவராக எவரை விரும்புகிறீர்களோ, அவருக்கு ஆமாம் போடாத ஒருவரை உறுப்பினராக்குங்கள்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் வேறோர் அளவு. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் நீங்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் தேர்ந்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் முடிந்து முடிவு வந்த அன்றே அவர்களுக்கு விலைபேசும் சந்தை கூடிவிடும். அச்சந்தையில் விலைபோகாதவன் எவன் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அவன் கட்சிக் கொள்கை என்ன என்று கேட்பதற்கு முன்னால், முன்பு எத்தனை கட்சியில் இருந்தான், எதற்காக மாறினான், மாறியபோது என்ன பெற்றான் என்று கேளுங்கள்.

ஆளை எப்படி அறிவது? நம் கண்முன் வாழ்பவனை அறிய நூலகம் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே பொறுப்பில் இருந்தவன் என்றால் ஊரவைக் கூட்டங்களை நினைவுகூருங்கள். 'கிராம சபை' என்று அரசு சொல்வது, ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்நாள்களில் வரவுசெலவைப் படித்தானா? படித்ததைப் பிறர் காதில் விழும்படி படித்தானா? தீர்மானச் சுவடியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டானா? கேள்வி கேட்டவனைப் பார்த்து "உனக்கென்ன தெரியும்?" என்றானா? ஐந்தாண்டு ஊராட்சியை எடைபோட இது போதும். புதியவன் என்றால் அவனிடம் ஏரியைப் பற்றிக் கேளுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்தது. வைரமேகன் பெயரால் கல்வெட்டுகளில் வழங்குவது. அதைப் பார்க்கவே அறுவர் கொண்ட வாரியம் இருந்தது. நாற்பது எக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ள சிறு ஏரிகள் இன்று ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எந்தக் கால்வழியாக வருகிறது, அது எங்கே தூர்ந்து கிடக்கிறது, எவன் வளைத்து வேலியிட்டிருக்கிறான், கலங்கல் எந்நிலையில் இருக்கிறது, மதகு எத்தனை என்று அவனைக் கேளுங்கள். வளைத்தவன் பெயரை அவன் வாய்திறந்து சொல்லுகிறானா என்று பாருங்கள். வளைத்தவன் அவன் மாமனாகவோ மைத்துனனாகவோ இருந்தால் கல்வெட்டின் உறவுமுறைப் பட்டியல் உங்களுக்கு நினைவு வர வேண்டும்.

சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் நிற்பவர்கள் தம் சொத்து, கடன், படிப்பு, தம்மேல் உள்ள குற்ற வழக்கு ஆகியவற்றை உறுதிமொழித் தாளில் எழுதித்தர வேண்டும் என்று 2002-இலும் 2003-இலும் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. அத்தாள்கள் எல்லாரும் பார்க்கத்தக்கவை. ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த தாளையும் இப்பொழுது கொடுத்த தாளையும் அருகருகே வைத்து, ஒரு பள்ளிப்பிள்ளையைக் கூட்டல் கழித்தல் செய்யச் சொல்லுங்கள். குடத்துக்குள் இருப்பது தெரியாத சிறுவனின் கைக்கு அன்று வேலை இருந்தது போல, கட்சி தெரியாத பிள்ளையின் கணக்கிற்கு இன்று வேலை இருக்கிறது.

தமிழைப் பற்றி ஒரு சொல். மேடையில் தமிழ் தமிழ் என்று முழங்குவோரைக் கண்டு மயங்காதீர்கள். தன் கடையின் பெயர்ப்பலகை எம்மொழியில் இருக்கிறது, தன் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தான், ஊர்ப்பள்ளியில் ஆசிரியர் இல்லாதபோது எத்தனை முறை அலுவலகம் ஏறி இறங்கினான் என்று பாருங்கள்.

பெண்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் உங்களுக்கு. உங்கள் பெயரில் கணவனோ கொழுந்தனோ ஆள்வதானால் அது பாதியுமன்று, கால்பங்குமன்று. பெண் வேட்பாளர் வீடு தேடி வரும்போது உடன் வந்தவர்களைப் பேசவிடாமல் அவரையே பேசச் சொல்லுங்கள். அவ்வாறே, தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒருவரைக் "காட்டி" நிறுத்துவதையும் ஏற்காதீர்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுக் காலம் தலைவரையே அமரவிடாமல் தடுத்தார்கள். 2006-இல்தான் அத்தடை உடைந்தது. மேலவளவில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் முருகேசனை 1997 சூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொன்றார்கள். அவர்களும் தமிழர்கள், வெட்டியவர்களும் தமிழர்கள். தமிழினம் என்று ஓயாமல் பேசும் ஒரு வேட்பாளர், இவ்வூர்களின் பெயரைத் தம் குலத்தார் கூட்டத்தில் நின்று சொல்ல அஞ்சுவாரானால், அவர் பேசும் இனம் எது என்று எனக்கு விளங்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் சிரிப்பீர்கள். "அவன் கொடுக்கிறான், வாங்கிக்கொள்கிறோம், விரும்பியவனுக்குக் குத்துகிறோம்" என்கிறீர்கள். அப்படி வாங்கியவன் ஐந்தாண்டில் ஒருநாளாவது ஊரவையில் எழுந்து கணக்குக் கேட்டதை நான் கண்டதில்லை. கேட்க எழுந்தால், "உன் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டதே" என்று அவன் முகத்திற்கு நேரே சொல்வான். வாங்கிய பணத்தால் வாயடைக்கிறது; ஒப்போலை வேறு எவனுக்கு விழுந்தால் என்ன?

இறுதியாக, தம்பி ஒருவர் தாளில் எழுதி அனுப்பிய வினா. "இவ்வளவும் அளந்து பார்த்தால் எங்கள் ஊராட்சியில் நிற்பவர் மூவரும் தேறவில்லை. என்ன செய்வது?" தம்பி, வேட்புத்தாள் தருவதற்கான கடைசி நாள் இன்னும் வரவில்லை. உள்ளாட்சியில் நிற்க இருபத்தொரு அகவை நிறைந்திருந்தால் போதும். ஊராட்சித் தேர்தலில் கட்சியின் ஒப்புதல் தேவையில்லை. உங்கள் தெருவில் கணக்குத் தெரிந்த ஒருவர், கடன்பட்டாலும் கைநீட்டாத ஒருவர், ஏரிக்கரையை நடந்து பார்த்த ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் ஆணாயினும் பெண்ணாயினும் இன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தலைவர் இடத்திற்கு அஞ்சினால் வெள்ளைத் தாளுக்கு நிற்கச் சொல்லுங்கள்.

வேட்புத்தாளை நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவ, இக்கூட்டத்தை நடத்தும் இளைஞர்கள் நாளை காலை முதல் பேருந்து நிலையத்தருகே அமர்ந்திருப்பார்கள்.